சும்மா நிற்கும்போது மட்டும்

ஜூன் 18, வியாழன்

இன்று செய்த தவறு: பதினேழாம் நம்பர் ஸ்பானரை வேலை முடிந்ததும் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை.

சார், நாள்குறிப்பு அன்றைய தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிய வேண்டும் என்று சாயங்கால மெக்கானிக் வகுப்பின் முதல் நாளிலேயே சொன்னீர்கள். தவறு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுதினால் போதும் என்றீர்கள். அப்படித்தான் எழுதுகிறேன். பட்டறையில் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று என் ஸ்பானர்களின் பிடியில் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். பெட்டியை மூடும் முன் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். இன்று காலை பார்க்கவில்லை. பதினேழின் இடம் காலியாக இருந்ததை மத்தியானம்தான் கவனித்தேன். அதற்குள் லாரி கிளம்பிப் போய்விட்டிருந்தது.

இந்தப் பருவத்துக்கு நீங்கள் கொடுத்த பயிற்சி, ஏதாவது ஒரு வண்டியின் பழுதை முறைப்படி கண்டுபிடித்து, செய்ததைச் செய்த வரிசையில் எழுதுவது. நான் எடுத்துக்கொண்டது என் அக்கா கணவரின் லாரி. பழுது: சும்மா ஓடும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது. 'ஐடிலிங்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று வகுப்பில் பெரிய சண்டையே வந்தது. பட்டறையில் வாயில் என்ன வருகிறதோ அதையே எழுதுங்கள் என்று முடித்துவைத்தீர்கள். எங்கள் பட்டறையில் 'சும்மா ஓடுறப்ப' என்றுதான் சொல்வோம். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

லாரி இப்போது பட்டறையில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பது வரிசையில் கடைசியாக வரும். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் நிலவரம். அம்மா போன பிறகு அக்காவும் அத்தானும் அவர்கள் மகள் குட்டியும் எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு தங்கினார்கள். சமீபத்தில் அத்தானுக்கு மலைக்கு அந்தப் பக்கம், துறைமுகத்தில் நிரந்தரமாக லோடு கிடைத்தது. அங்கேயே வீடு பார்த்தாயிற்று. குட்டிக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. சாமான்களை அதே லாரியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போய்விடுவது என்று முடிவு. அந்த வாரம்தான் லாரி நிற்க ஆரம்பித்தது.

அதை நான் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். முதல் தடவை அது தானாகத்தான் நின்றது.

ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் நன்றாக இழுக்கும். காலை எடுத்துவிட்டு அப்படியே ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஏறி இறங்கி, இருமி, அடங்கிப்போகும். பட்டறை வாசலில் அது முதல் தடவை அடங்கியபோது குட்டி கேபினுக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, லாரி தூங்கிடுச்சு," என்றாள்.

"உங்க மாமா தாலாட்டு பாடியிருப்பான்," என்றார் அத்தான். "ஏன் மாப்ளே, சாயங்கால கிளாஸ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா? சாவியைத் தொடாமலே வண்டிய ஆஃப் பண்றது எப்படின்னு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் அப்படித்தான் பேசுவார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். அவரைப் பற்றி நான் குறையாக எதுவும் எழுதப்போவதில்லை, ஏனென்றால் எழுத எதுவும் இல்லை.

எங்கள் பெரிய மெக்கானிக்கைக் காதண்ணன் என்று கூப்பிடுவோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். அன்றைக்கும் கேட்டார்.

"எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. பசியில கத்துது. சாப்பாடு ஒழுங்கா போய்ச் சேரல," என்றார்.

அவர் சொன்னது சரி. டீசல் வரும் வழியில்தான் கோளாறு. ஃபில்டரை மாற்றினார். எஞ்சின் மறுபடியும் நின்றது. டேங்கைக் கழற்றிக் கழுவினார். நின்றது. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் திறந்து வைத்தே ஓடவிட்டார். அப்போதும் நின்றது. அதற்குள் வேறு வண்டிகள் வந்துவிட்டன. "நீதான் படிக்கிறவனாச்சே, உன் மெத்தடுல கொஞ்சம் பாரு தம்பி," என்று என்னிடம் விட்டார்.

நான் டீசல் குழாயின் நடுவே ஒரு துண்டு கண்ணாடிக் குழாயைச் செருகினேன். உள்ளே என்ன போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. எஞ்சின் சும்மா ஓடும்போது குழாயில் பொடிப்பொடியாகக் குமிழிகள் போயின. அப்படியானால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கும் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கெட்டி கிரீஸ் அப்பிக்கொண்டே வந்தேன். ஒன்றில் அப்புவது, குழாயைப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது உங்கள் பாடம். ஃபீட் பம்பில் சேரும் போல்ட்டில் அப்பியபோது குமிழிகள் நின்றன.

அந்த போல்ட்டுக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பானர். கழற்றிப் பார்த்தேன். காற்றுப் புகாமல் அடைக்கும் இரண்டு செப்பு வாஷரில் ஒன்றில், நகத்தால் தடவினால் மட்டுமே தெரிகிற மாதிரி ஒரு கோடு. அந்த இடம் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு டீசல்கூட வெளியே வந்திருக்கவில்லை. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே ஒரு குறையும் தெரியாது. காதண்ணனின் காதுக்கே தெரியவில்லை.

புது வாஷர் போட்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடவிட்டேன். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. குழாயில் டீசல் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போயிற்று. மற்றவர்கள் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அதைத்தான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேனா, இல்லை தற்செயலா என்ற சந்தேகம்தான் வந்தது. எனக்கு எதிலும் அந்தச் சந்தேகம் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

அதற்கும் நீங்கள் வழி சொல்லியிருக்கிறீர்கள். புதியதைப் போட்டுப் பழுது போனால் பாதிதான் நிரூபணம். பழையதைத் திரும்பப் போட்டு, பழுது திரும்ப வந்தால்தான் முழு நிரூபணம். நான் பழையதைத் திரும்பப் போட்டேன். குமிழிகள் வந்தன. எஞ்சின் ஏறி இறங்கி அடங்கியது. அதாவது நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

அது அடங்கிய அதே நேரத்தில் அக்கா குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள்.

"இன்னைக்கும் அதே கதைதானா?" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "சரி போ. கட்டி வச்ச மூட்டைய எல்லாம் மறுபடி பிரிக்கணும். இன்னும் கொஞ்ச நாள் உன்னோட குப்பை கொட்டணும்னு எழுதியிருக்கு."

"ஐ, மாமா வீடு," என்று குட்டி கத்தினாள்.

புது வாஷர் என் சட்டைப்பையில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தேன்.

இங்கே வீட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். பயிற்சிக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் சிவப்பு மையில் கோடு போடலாம். கடைசி நாட்களில் அம்மாவுக்கு மூச்சு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த அறையிலிருந்தாலும் அந்த உறுமல் கேட்கும். அதை அணைத்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். அக்கா குடும்பம் வரும் வரை நான் தனியாக இருந்தேன். ஃப்ரிட்ஜ் ஓடும்வரை பரவாயில்லை. அது ஓடி முடித்துச் சட்டென்று அடங்கும் பாருங்கள், அப்போது எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். எழுந்து போய் அதன் கதவைத் திறந்து வைத்து, மறுபடி ஓட ஆரம்பித்ததும் மூடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

அவர்கள் வந்த பிறகு வீடு ஓட ஆரம்பித்தது. அத்தான் குளிக்கும்போது பாடுவார், சகிக்காது. குட்டிக்குக் கேள்வி கேட்காமல் சாப்பாடு இறங்காது. லாரி ஏன் தூங்குது, அதுக்குக் கனவு வருமா, கனவுல அது எங்கே போகும். அக்கா அவளையும் அத்தானையும் என்னையும் ஒரே மூச்சில் திட்டுவாள். அந்தச் சத்தத்தில் நான் தூங்கினேன்.

ஆகவே மறுநாளும் பழைய வாஷர் இருந்தபடியே இருந்தது. ஒரு சோதனையை ஒரு தடவை செய்தால் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் சொல்லிக்கொண்டேன். காதண்ணன் ஃபீட் பம்பையே கழற்றிப் பிரித்தார். "மாட்டுறதை நானே மாட்டுறேண்ணே, நீங்க கை கழுவுங்க," என்றேன். பம்ப் புத்தம்புதிதுபோல் ஆகியிருந்தது. வாஷர் மட்டும் பழையது. லாரி நின்றது.

"காது போச்சுடா தம்பி," என்றார் காதண்ணன். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் சோறு போட்ட காது."

"அப்படியெல்லாம் இல்லண்ணே," என்றேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

நான் யாருக்கும் கெடுதல் செய்வதாக நினைக்கவில்லை. நின்றால் நிற்கும்போதுதானே நிற்கிறது. நிற்கிற லாரி நின்றுபோனால் யாருக்கு என்ன ஆகிவிடும். அத்தானுக்குக் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். இந்த வாதத்தைப் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே ஓடியது.

நேற்று சாயங்காலம் துறைமுகத்திலிருந்து அத்தானுக்குப் போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வரவில்லையென்றால் லோடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு அவர் குளிக்கும்போது பாடவில்லை. சாப்பிடும்போது சொன்னார், "காலைல கிளம்பறோம். சும்மா விட்டாத்தானே நிக்குது. ஆக்சிலேட்டர்ல கால வச்சது வச்சபடி ஓட்டிட்டுப் போறேன். அங்க போய் நிதானமா பாத்துக்கலாம்."

"தம்பி என்ன சொல்றான்?" என்றாள் அக்கா.

"அவன் என்ன சொல்லுவான், பரீட்சைக்கு வருமான்னு கேப்பான்," என்றார் அத்தான்.

பட்டறைச் சாவி என்னிடம் இருக்கும். இன்று காலை எல்லோருக்கும் முன்னால் போய்த் திறந்தேன். புது வாஷரைப் போட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். போல்ட்டைக் கழற்றினேன். அப்போது கேட் சத்தம் கேட்டது. கையில் இருந்ததைப் போட்டு, இறுக்கி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த அவசரத்தில்தான் ஸ்பானரை மறந்தது.

வந்தது காதண்ணன். பின்னாலேயே அத்தானும் அக்காவும் குட்டியும் வந்தார்கள். சாமான்களை நேற்று ராத்திரியே ஏற்றியாயிற்று. கடைசியாகக் குட்டியின் சின்ன நாற்காலியை அத்தான் மேலே தூக்கிக் கயிற்றில் கட்டினார். ஸ்டார்ட் செய்தார். ஓடியது. அக்கா என் கன்னத்தைத் தட்டி, "வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்னுக்கிட்டே சாப்பிடாத," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அடங்கியது.

நான் நினைத்தபடியே நடந்தது. இனி இறங்கிவிடுவார், மூட்டைகளைப் பிரிப்பார்கள் என்று நினைத்தேன். அத்தான் இறங்கவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து, காலை எடுக்காமல் உறும வைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை திறந்து பாக்கட்டுமா?" என்றார் காதண்ணன். கையில் அவருடைய ஸ்பானர் இருந்தது. "அந்தப் பம்ப் பக்கமே எனக்கு மனசு ஓடுது. என்னமோ உறுத்துது."

அத்தான் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மாப்ளே, விளையாட்டில்லாமக் கேக்கறேன். மலை இறங்கணும், குழந்தைய வச்சுக்கிட்டு. நீ படிச்சவன், இத்தனை நாள் இதோடயே கிடந்தவன். சும்மா நிக்கும்போது மட்டும்தானே இது ஆஃப் ஆகுது? ஓடும்போது ஆகாதே?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். குட்டியும் பார்த்தாள்.

"சும்மா நிக்கும்போது மட்டும்தான் அத்தான்," என்றேன். காதண்ணனிடம், "வேண்டாண்ணே, அதை நான் பாத்துட்டேன்," என்றேன்.

"அது போதும்," என்றார் அத்தான். குட்டி கை ஆட்டினாள். தெருமுனையில் திரும்பும் வரை எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மத்தியானம் பெட்டியைத் திறந்து பதினேழின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் போன் வந்தது.

அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மலையின் அந்தப் பக்கம் இறங்கும்போது வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க அத்தான் கிளட்ச்சை மிதித்திருக்கிறார். எஞ்சின் அடங்கிவிட்டது. கியர் விழவில்லை. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை மிதித்து மிதித்து, அதை இயக்கும் காற்றும் தீர்ந்துபோயிருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கில் தொங்கி, லாரியைப் பாறைமேல் சாய்த்துவிட்டார். பாறை அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் இருந்தது.

"கால் நசுங்கிப்போச்சு தம்பி. எடுத்துடணும்னு சொல்றாங்க," என்றாள். "எனக்குத் தோள்ல அடி, அது கிடக்கட்டும். குட்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஆனா பேச மாட்டேங்கறா. கூப்பிட்டா திரும்பிப் பாக்கறா, வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"நான் வர்றேன்க்கா."

"நீ வந்து என்ன பண்ணுவ. உங்க முதலாளியும் காதண்ணனும் கிளம்பிட்டாங்களாம். நீ வீட்ல இரு. நாங்க அங்கதான் வரணும், வேற எங்க போறது?" கொஞ்சம் நிறுத்தினாள். "மயக்கத்துலகூட உன்னைப் பத்தித்தான் சொன்னாரு. மாப்ளே சரியாத்தான் சொன்னான், ஓடும்போது நிக்கல, நான்தான் கிளட்ச்சை மிதிச்சுத் தொலைச்சேன்னு."

அதற்குப் பிறகு காதண்ணனின் போன். அவர் லாரி கிடக்கும் இடத்தில் நின்று பேசினார். பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"தம்பி, ஃபீட் பம்ப் பக்கத்துல ஒரு ஸ்பானர் சிக்கிக்கிட்டிருக்கு. பச்சைப் பெயிண்ட் அடிச்சது. பதினேழு."

"என்னோடதுதாண்ணே."

"அது தெரியுது. எப்ப கழட்டினே?"

"கழட்டலண்ணே. காலைல சும்மா ஒரு தடவை இறுக்கிப் பாத்தேன்."

"சும்மாவா?"

"சும்மாதாண்ணே."

அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்பதுபோல, எனக்குள் எங்கே தட்டுகிறது என்று கேட்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இங்க ஆஸ்பத்திரில இருக்கணும்," என்றார் கடைசியில். "வண்டிய விடிகாலைல இழுத்துட்டு வந்து பட்டறைல விட்டுடுவாங்க. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாராம். சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"என்கிட்டதாண்ணே."

"சரி," என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலத்திலிருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஓரிரு இடங்களில் வரிசை தவறியிருக்கிறது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், அதனால் இங்கேயே திருத்துகிறேன்.

முதல் திருத்தம். சும்மா ஓடும்போது நிற்கிற வண்டியால் ஆபத்து உண்டா என்று வகுப்பில் ஒரு நாள் கேட்டீர்கள். "சிக்னல்ல பின்னாடி வர்றவன்கிட்ட திட்டு வாங்கணும் சார், அதான் ஆபத்து," என்று கடைசி பெஞ்சில் ஒருவன் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து சொன்னேன்: ஓடுகிற வண்டியிலும் எஞ்சின் சும்மா ஓடும் நேரம் ஒன்று உண்டு. கிளட்ச்சை மிதித்த நொடியில் அது சும்மாதான் ஓடுகிறது. இறக்கத்தில் அப்போது அடங்கினால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்குக் காற்று ஏறாது. நீங்கள் அதைக் கரும்பலகையில் எழுதி, "இவன் சொன்னதை எல்லாரும் எழுதிக்கங்க," என்றீர்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. இது அத்தானின் லாரி நிற்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்தது. உங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். நினைவிருக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது.

இரண்டாவது திருத்தம். காலையில் 'கையில் இருந்ததைப் போட்டு' இறுக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். கையில் இருந்தது எது என்று எழுதவில்லை. புது வாஷர் சட்டைப்பையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செப்பு மிருதுவான உலோகம். பழைய வாஷர் திரும்பத் திரும்ப இறுக்கியதில் நசுங்கி, அந்தக் கோடு அடைபட ஆரம்பித்திருந்தது. கடைசி நாட்களில் லாரி நிற்பதற்கு முன் ரொம்ப நேரம் ஓடியது. இன்று நிற்காமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம். பட்டறை வாசலிலேயே அடங்கிவிட்டால் அத்தான் பயணத்தைக் கைவிட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். முக்கோண அரத்தை எடுத்து அந்தக் கோட்டின் மேல் இழுத்தேன். கேட் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

மூன்றாவது, இது திருத்தம் இல்லை, விட்டுப்போனது. அவர்கள் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை என்றால், அத்தான் கேட்டபோது ஓடும்போதும் நிற்கலாம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையே சாயங்காலத்திலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் உடனே இறங்கியிருப்பார். ஆனால் காதண்ணன் கையில் ஸ்பானரோடு நின்றார். திறந்திருப்பார். பழைய கோடு கறுத்துப்போயிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அரத்தால் இழுத்த கோடு அப்படியில்லை. புதுச் செப்பு பளபளவென்று மின்னும். அதைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்ப்பார். பிறகு அக்கா பார்ப்பாள். அந்த வீட்டில் அதன்பிறகு யார் இருப்பார்கள்.

அதனால் சொல்லவில்லை. குட்டி கேபினில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லாமல் இருந்தேன். தள்ளிவிடவில்லை, இழுக்கவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். இதைத் தவறு என்ற இடத்தில் எழுதுவதா, செய்த வேலை என்ற இடத்தில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஸ்பானரை எழுதினேன்.

இந்தப் பக்கங்களை உங்களிடம் கொடுப்பேனா என்பதும் தெரியவில்லை. இப்போது ஃப்ரிட்ஜ் அடங்கிவிட்டது. எழுந்து போய்க் கதவைத் திறக்கவில்லை. இன்றைக்கு ஒரு ராத்திரிதானே. இனிமேல் அத்தானால் லாரி ஓட்ட முடியாது. துறைமுகத்து வீட்டுக்கு இனி வேலை இல்லை. குட்டியும் இங்கே வந்து என்னைப் பார்த்தால் பேசிவிடுவாள், அவளால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. அவள் முதலில் என்ன கேட்பாள் என்று மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நாளைய வேலை: அக்கா அறையைப் பெருக்கித் துடைக்க வேண்டும். அத்தானால் மாடிப்படி ஏற முடியாது, கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்க வேண்டும். குட்டிக்கு வேறு நாற்காலி பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பட்டறையைத் திறக்க வேண்டும். லாரிக்குப் புதுச் செப்பு வாஷர் போட வேண்டும். பழையது இனித் தேவைப்படாது.